மகளிரியல் நூலகப் பணி: சில ஆய்வுத் தேவைகள்

நூலகப் பட்டியல் நடுநிலையானது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. ஆயினும் ஒரு பொருளுக்கு எவ்விடம் ஒதுக்கப்படுகிறது என்பதிலேயே அக்காலத்தின் பார்வை வெளிப்பட்டுவிடுகிறது. டூயி தசமப் பகுப்பின் முற்காலப் பதிப்புகளில் மகளிர் நிலை பற்றிய நூல்கள், பழக்கவழக்கம், உடை, நாட்டார் வழக்காறு ஆகியவற்றுக்குரிய 390ஆம் பிரிவில், 396 என்னும் எண்ணின்கீழ் வைக்கப்பட்டன. 1979இல் வெளிவந்த 19ஆம் பதிப்பிலேயே அவை சமூகக் குழுக்களோடு சேர்க்கப்பட்டு 305.4 என்னும் எண்ணைப் பெற்றன.

இந்தியாவில் 1974இல் வெளியான 'சமத்துவத்தை நோக்கி' என்னும் அறிக்கை மகளிரியல் ஆய்வுக்கு உந்துதல் அளித்தது. அதே ஆண்டில் பம்பாயிலுள்ள எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கான ஆய்வு மையம் தோன்றியது. 1988இல் அந்நகரில் நிறுவப்பட்ட 'ஸ்பாரோ' ஆவணக் காப்பகம், நூல்களோடு நில்லாது வாய்மொழி வரலாறுகளையும் நிழற்படங்களையும் திரட்டியது. இவ்வாறு சேகரிப்பு வளர்ந்த அளவிற்கு, அதனை விளக்கும் சொற்கருவிகள் இந்திய மொழிகளில் வளரவில்லை எனலாம்.

முதல் தேவை பொருட்சொற்கள் பற்றியது. பெண், மாதர், மகளிர் ஆகிய சொற்கள் வெவ்வேறு காலத்து நூற்பெயர்களில் பயில்கின்றன. ஒன்றைத் தேடுவோர்க்கு மற்றவையும் கிட்டுமாறு இணைக்கும் சொற்களஞ்சியத்தை நூலகரும் மொழியியலாரும் கூடியே உருவாக்க இயலும்.

இரண்டாவது, ஆசிரியர் பெயர் பற்றியது. அனுத்தமா, அம்பை ஆகியவை பெண் எழுத்தாளர்களின் புனைபெயர்கள். சுஜாதா என்பதோ தம் மனைவியின் பெயரில் எழுதிய எஸ். ரங்கராஜனைக் குறிக்கும். எனவே பெயரை மட்டும் நோக்கிப் பெண் எழுத்தைப் பிரித்தறிய முயல்வது பிழைக்கு இடந்தரும். இயற்பெயர், புனைபெயர், பெயர் மாற்றம் ஆகியவற்றை இணைக்கும் ஆய்வு வேண்டப்படுகிறது.

மூன்றாவது, பதிப்பு வரலாறு. முத்துப்பழனி தெலுங்கில் இயற்றிய 'ராதிகா சாந்த்வனமு' என்னும் காவியத்தின் முந்தைய அச்சுப் பதிப்பில் முகவுரைப் பகுதி விடுபட்டிருந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அதனை முழுமையாகப் பதிப்பித்தார். இரு பதிப்புகளையும் ஒன்றெனக் காட்டும் பட்டியல், மொழிபெயர்ப்பாளரைக் குறையுடைய மூலத்திடம் கொண்டு சேர்க்கும். அவ்வாறாயின் முகவுரையில் ஆசிரியர் தம்மைப் பற்றிக் கூறியது மொழிபெயர்ப்பிலும் இடம்பெறாது போகும்.

ஆகவே பட்டியலிடுதல் வெறும் அலுவலகப் பணியன்று. எந்த நூல் படிக்கப்படும், எது மொழிபெயர்க்கப்படும் என்பதன் தொடக்கம் அங்கேயே அமைகிறது.