கண்ணாடித் தகடுகளில் ஒரு நூற்றாண்டுச் சூரியன்: கொடைக்கானல் ஆவணங்களைத் தேடலும் மீளப் பயன்படுத்தலும்

1. ஆய்வுப் பொருள்

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல், மேகம் விலகிய நாளெல்லாம், சூரியனைக் கண்ணாடித் தகட்டில் படம்பிடித்து வந்தார்கள். வெண்ணொளிப் படங்களோடு, கால்சியத்தின் 'கே' நிறமாலைக் கோட்டில் எடுத்த படங்களும் சேர்ந்தன. அன்று அவர்கள் தேடியது கரும்புள்ளிகளையும் தீப்பிழம்புகளையும். இன்று நாம் அதே தகடுகளைக் கொண்டு அறிய விரும்புவது சூரியக் காந்தப்புலத்தின் நூறாண்டு வரலாற்றை. கரும்புள்ளிகளில் காந்தப்புலம் உண்டென்று வானியலாளர் ஹேல் காட்டியது 1908இல். அதைச் சூரியனின் முழு வட்டிலும் நாள்தோறும் அளப்பது வழக்கமானதோ 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். காந்தப்புலம் வலுத்த இடம் கால்சியப் படத்தில் பளிச்சென்று தெரியும் என்பதால், இடைப்பட்ட காலத்துக்குக் கொடைக்கானல், மவுண்ட் வில்சன், மியூடான் போன்ற சில ஆய்வகங்களின் தகடுகளே சாட்சி.

அந்தச் சாட்சியம் படத்தில் பாதி, படத்தைச் சுற்றி எழுதிவைத்த குறிப்பில் பாதி என்பது என் துணிபு.

2. தேடும் வழி

ஆவணக் காப்பகம் நூலகம் அன்று; பொருள்வாரியாக அடுக்கப்படுவதில்லை, உருவாக்கிய நிறுவனத்தின் பெயரில் அடுக்கப்படுகிறது. 1792இல் நுங்கம்பாக்கத்தில் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. இரண்டின் ஏடுகளும் இன்று பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. இந்த வம்சாவளி தெரியாதவர் சென்னையிலேயே தேடிக் களைத்துப்போவார்.

பெயர்களும் அப்படியே. 1867இல் அதே மதராஸ் வானாய்வகத்தில் 'ஆர் ரெட்டிகுலி' என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆங்கிலப் பதிவுகளில் 'ரகூநாதா சாரி' என இரண்டாகப் பிரிந்து நிற்கிறார். 'சாரி' என்ற தலைப்பையும் புரட்டாமல், அவர் அங்கே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

3. நேரக் குறிப்பு

தகட்டில் ஒரு நேரம் எழுதியிருக்கிறது. அது எந்த ஊர் நேரம்? கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் முந்திய மதராஸ் நேரம் ஒரு காலத்தில் புழங்கியது. 1906இல் வந்த இந்திய நேரம் 5 மணி 30 நிமிடம் முந்தியது. இந்த ஒன்பது நிமிட வேறுபாட்டால் பெருந்தவறு நேராது. இந்திய நேரத்தைக் கிரீனிச் நேரமென்று எடுத்துக்கொண்டால்தான் ஆபத்து. பூமியிலிருந்து பார்க்கச் சூரியன் ஏறத்தாழ 27 நாளில் ஒரு சுற்று சுற்றுகிறது; நாளொன்றுக்கு 13 பாகைக்குச் சற்று மேல். ஐந்தரை மணி நேரத்தில் 3 பாகை. சூரிய நடுக்கோட்டில் அது சுமார் 36,000 கிலோமீட்டர். ஏறத்தாழ மூன்று பூமிகளை வரிசையாக வைத்தால் கொள்ளும் தூரம். பல நாள் படங்களை இணைத்து ஒரே வரைபடமாக்கும்போது, ஒரே புள்ளி இரண்டாகத் தெரிவதற்கு இது போதும்.

வட, தென் துருவங்களைக் காட்டத் தகட்டில் இட்ட சிறு மைப்புள்ளிகளுக்கும் இதே மதிப்பு. அழுக்கென்று நினைத்து யாரேனும் துடைத்துவிட்டால், படம் இருக்கும், திசை போய்விடும்.

4. கருமையிலிருந்து ஒளிக்கு

தகட்டின் கருமை, விழுந்த ஒளிக்கு நேர்விகிதத்தில் இராது. பூச்சு, உருத்துலக்கும் கரைசல், திறந்துவைத்த நேரம் எல்லாம் அதை மாற்றும். அளவு தெரிந்த ஒளியைத் தகட்டின் ஓரத்தில் பதித்திருந்தால் ஒப்பிடலாம். முற்காலத் தகடுகளில் அந்த வசதி இல்லை. ஆகவே கொந்தளிப்பற்ற சூரியப் பரப்பு நூறாண்டாகப் பெரிதும் மாறவில்லை என்று கொண்டு, அதையே அளவுகோலாக்குகிறார்கள். இது ஓர் அனுமானம். மீளப் பயன்படுத்துவோர் அதை வெளிப்படையாக எழுதிவைக்கக் கடமைப்பட்டவர்கள்.

5. மூலத்தகடு

கால்சியத் தகடுகளை முன்பு 8 பிட் அளவில் மின்படியாக்கினார்கள்: 256 சாயல்கள். பின்னர் 16 பிட்: 65,536 சாயல்கள், பக்கத்துக்கு 4,096 படப்புள்ளிகள். முதல் மின்படியில் கரைந்துபோன மங்கலான விளிம்புகள் இரண்டாவதில் மீண்டன. இடையில் அந்தக் கண்ணாடிகளை இடம் அடைக்கின்றன என்று யாரும் கழித்துவிடாததால்தான் இது நடந்தது.