மகாகஸ்தோட்டை ஏற்றமும் மதுசார எரிபொருளும்

நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில், தேயிலைச் சரிவுகளூடே, 1934ஆம் ஆண்டு மோட்டார் வண்டிகளின் மலையேற்றப் போட்டி தொடங்கிற்று. ஓட்டுநரின் தீரத்தை வியப்போர் அவ்விடத்துக் காற்றின் வறுமையை எண்ணுவதில்லை. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சீறும் இயந்திரம் இங்கே இளைக்கும். பின்னாளில் வந்த டர்போ, காற்றை அமுக்கிச் செலுத்தி அக்குறையை நிரப்பிற்று. ஆயினும் அமுங்கிய காற்று சூடேறும். சுவாலை எட்டுமுன்னரே பெற்றோல் தானாக வெடித்து இயந்திரத்தைச் சிதைக்கும். எதனோலோ ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சி அவ்வெடிப்பைத் தடுக்கும். 85 வீதக் கலவையாயின் எரிபொருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வேண்டும். பம்பியையும் தெளிகருவியையும் பெரிதாக்காதவன் இயந்திரத்தைக் கருக்குவான். செவனகலையிலும் பெல்வத்தையிலும் கரும்புக் கழிவுப்பாகிலிருந்து எதனோல் வடிக்கப்படுகிறது. அது பெரும்பாலும் மதுபானப் போத்தல்களையே சென்றடைகிறது.