ஜேர்மனியின் மின்சார வாகனக் கனவும் கைநழுவிய மின்கலமும்

கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றபோது மன்ஹைம் நகரிலேயே தொழில் நடத்தி வந்தார். அந்நகரைக் கொண்ட பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் இன்றும் வாகனக் கைத்தொழிலையே பெரிதும் நம்பியுள்ளது. எரிபொருள் இயந்திரத்தின் இடத்தை மின்மோட்டார் பிடித்துக்கொள்ளுமானால், பிஸ்டனும் கியரும் செய்து பழகிய தொழிற்சாலைகளின் கதி என்ன என்ற கேள்வி அங்கு எழுந்ததில் வியப்பில்லை.

2009இல் பொருளாதார நெருக்கடியைச் சமாளிக்க ஜேர்மன் அரசாங்கம் வகுத்த திட்டத்தில் மின்சார வாகனங்களுக்கென 500 மில்லியன் யூரோ ஒதுக்கப்பட்டது. இதில் 130 மில்லியன் யூரோ எட்டு மாதிரிப் பிராந்தியங்களுக்குக் கிடைத்தது. 2012இல் மேலும் நான்கு பிராந்தியங்கள் தெரிவாகி 180 மில்லியன் யூரோ பெற்றன. அதே ஆண்டில் கார்ல்ஸ்றூஹ, மன்ஹைம், ஸ்ருட்கார்ட், உல்ம் நகரங்களை இணைக்கும் கூட்டமைப்புக்கு 40 மில்லியன் யூரோ வரையிலான உதவி கிட்டியது.

இக்கூட்டமைப்பின் சிறப்பு, தனித்து ஆய்வுகூடம் நடத்த வசதியற்ற நடுத்தர நிறுவனங்களை டைம்லர், பொஷ் போன்ற பெரும் நிறுவனங்களோடும் பல்கலைக்கழகங்களோடும் ஒரே மேசையில் அமர்த்தியமையாகும். சந்தையில் போட்டியிடுவோர் ஆய்வில் கைகோப்பது எளிதன்று. அரசாங்கத்தின் பணமே அதனைச் சாத்தியமாக்கியது எனலாம்.

ஆயினும் மின்சார வாகனத்தின் விலையில் பெரும்பங்கை விழுங்கும் லித்தியம் மின்கலம் கைநழுவிப் போயிற்று. உல்ம் நகரில் மின்கல ஆராய்ச்சி சிறந்து விளங்கியும், பெருமளவு உற்பத்திக்கு முதலீடு செய்யப் பெரும் நிறுவனங்கள் தயங்கின. சக்சனி மாநிலத்தின் காமென்ஸ் நகரில் மின்கலம் தயாரித்த தனது துணை நிறுவனத்தின் உற்பத்தியை டைம்லர் 2015இல் நிறுத்தியது. மின்கலத்தைத் தானே தயாரிப்பதில்லை என 2018இல் பொஷ் தீர்மானித்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது சீனாவின் சிஏடிஎல் நிறுவனம். துரிங்கியா மாநிலத்தில் அது அமைத்த தொழிற்சாலை 2022 இறுதியில் மின்கல உற்பத்தியைத் தொடங்கியது. ஆராய்ச்சிக்கு வாரி வழங்கிய அரசாங்கம், அதன் பயனை அறுவடை செய்யும் ஆலையைப் பற்றிக் காலங்கடந்தே சிந்தித்தது என்பதே எமது கணிப்பாகும்.

2020ஆம் ஆண்டுக்குள் பத்து இலட்சம் மின்சார வாகனங்கள் என்ற இலக்கும் உரிய காலத்தில் எட்டப்படவில்லை; 2021 நடுப்பகுதியிலேயே, அதுவும் இருவகை இயக்கமுள்ள கலப்பின வாகனங்களையும் சேர்த்தே, அது நிறைவேறியது. 2025 செப்டெம்பரில் பொஷ் நிறுவனம் தனது வாகனத் துறையில் மேலும் 13,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரிதும் பாதிக்கப்படும் ஆலைகளில் பல ஸ்ருட்கார்ட் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அமைந்தவையாகும்.