மீள்மைச் சித்தாந்தமும் குழைமைச் சித்தாந்தமும்

பளுவைத் தாங்கும் திடப்பொருள் எதுவாயினும் சிறிதேனும் உருமாறியே தீரும். பளு நீங்கியவுடன் பழைய உருவை முற்றிலும் திரும்பப் பெறுமாயின் அப்பண்பு மீள்மை எனவும், ஓர் எல்லையைக் கடந்தபின் உடையாமலே நிரந்தரமாக உருமாறி நின்றுவிடுமாயின் அப்பண்பு குழைமை எனவும் வழங்கப்பெறும். மென்னெஃகுக் கம்பியைச் சோதனை இயந்திரத்தில் இட்டு இழுத்தால் இரண்டு பண்புகளும் ஒருங்கே வெளிப்படக் காணலாம். தகைவு, அதாவது குறுக்குவெட்டின் ஓரலகுப் பரப்பு தாங்கும் விசை, சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 250 நியூட்டனை எட்டும்வரை நீட்சியானது தகைவுக்கு நேர்விகிதமாக வளர்ந்து, கம்பியின் நீளத்தில் சுமார் 800இல் ஒரு பங்கு ஆகிறது. அந்த இளகு நிலையை அடைந்த பிறகோ, தகைவு கூடாமலே, முன் நீண்டதைப் போலப் பத்து மடங்குக்குச் சமீபமாகக் கம்பி நீண்டு கொடுத்து, அதன் பின்னரே மீண்டும் கடினப்பட்டு எதிர்க்கத் தொடங்குகிறது. முதற் பகுதியை ஆராய்வது மீள்மைச் சித்தாந்தம். அதற்கு அப்பாற்பட்டதை ஆராய்வது குழைமைச் சித்தாந்தம். அன்றாடப் பளுவின் கீழ் ஒரு கட்டட உறுப்பில் எவ்வளவு தகைவு எழும், எவ்வளவு வளையும் என்பது முன்னதன் கேள்வி; எவ்வளவு பளுவில் அது விழும் என்பது பின்னதன் கேள்வி. வரலாற்றில் இரண்டாவது கேள்வியே முதலில் எழுந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்டுக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் தலையெடுத்தது.

1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சேறிய இரு புதிய விஞ்ஞானங்களைப் பற்றிய உரையாடல் நூலில், அப்பொழுது ஃப்ளாரன்ஸ் நகரை அடுத்த ஆர்ச்செத்ரியில் வீட்டுக் காவலில் இருந்த கலிலியோ, ஒரு முனை சுவரில் பதிந்து மறு முனை வெளியே நீட்டி நிற்கும் உத்தரம் எவ்வளவு பளுவுக்கு முறியும் என்று கேட்டார். உத்தரம் தன் கீழ் விளிம்பைப் பற்றித் திரும்பி முறிகிறது என்றும், குறுக்குவெட்டின் இழைகள் யாவும் அத்தருணத்தில் ஒரே அளவான தகைவுடன் எதிர்க்கின்றன என்றும் அவர் கொண்டமையால், வளைவை எதிர்க்கும் திறன், பொருளின் இழுவலிமையையும் அகலத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் பெருக்கியதில் பாதி என்று அவருக்குக் கிடைத்தது. மீள்மைச் சித்தாந்தப்படி அது ஆறில் ஒரு பங்கே. ஆகவே அவர் விடை மூன்று மடங்கு மிகை. எனினும் வலிமை அகலத்துக்கு நேராகவும் உயரத்தின் வர்க்கத்துக்கு நேராகவும் வளர்கிறது என்ற உண்மையை அவர் தவறின்றிக் கண்டார். முறியும் கணத்தில் தகைவு எங்கும் சீராக இருக்கிறது என்ற அவருடைய கற்பனையும், முந்நூறு ஆண்டுகள் பிழையென்று தள்ளப்பட்ட பின்னர், எஃகு உத்தரங்களின் விஷயத்தில் திருத்தமான வேறோர் உருவில் திரும்பி வந்தது.

இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக், விசையும் நீட்சியும் ஒன்றுக்கொன்று நேர்விகிதத்தில் இருக்கின்றன என்ற விதியைக் கண்டு, 1676இல் அதன் லத்தீன் வாசகத்தின் எழுத்துக்களை அகரவரிசையில் கலைத்துப் புதிராக அச்சிட்டுத் தம் முதன்மையை நிலைநாட்டிக்கொண்டு, 1678இல் பொருளை வெளியிட்டார். பிரான்ஸில் வெர்சேல்ஸ் அரண்மனைக்கு நீர் கொண்டுவரும் குழாய்களின் வலிமையை ஆராய நேர்ந்த மாரியோட் அதே உண்மைக்குத் தம் சொந்தப் பரிசோதனைகளின் வழியே வந்து சேர்ந்தார்; அவருடைய நூல் அவர் காலமான பின் 1686இல் வெளிவந்தது. வளைந்த உத்தரத்தின் வடிவத்தை ஜேக்கப் பெர்னூலி கணிதத்துக்குள் கொணர்ந்தார். 1744இல் ஆய்லர் அவ்வளைகோடுகளை எல்லாம் வகைப்படுத்தி, மெல்லிய தூண் ஒன்று நசுங்குவதற்கு வெகு முன்னரே திடீரெனப் பக்கவாட்டில் நெளிந்துவிடக்கூடும் என்பதையும் அதற்குரிய பளுவையும் காட்டினார்.

வளைந்த உத்தரத்தின் ஒரு பாதி இழுபட மறு பாதி அமுக்கப்படுகிறது என்பதையும், இரண்டிற்கும் நடுவே நீளவோ குறுகவோ செய்யாத நடுநிலை அச்சு ஒன்று உண்டு என்பதையும், 1713இல் பாரன் சரியாகவே எழுதியிருந்தும் அதைக் கவனிப்பார் இலராயினர். அதனைச் சுதந்திரமாக மறுபடியும் நிறுவியவர் கூலோம். மின்விசை விதியால் இன்று மாணவர் யாவரும் அறிந்த அப்பெயர் அக்காலத்தில் ஒரு ராணுவப் பொறியாளரின் பெயர். மேற்கிந்தியத் தீவாகிய மார்த்தினிக்கில் கோட்டை கட்டும் பணியில் பல ஆண்டுகள் உழைத்து உடல்நலம் குன்றித் திரும்பிய அவர், 1773இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் வாசித்த ஒரே கட்டுரையில், உத்தரத்தின் வளைவு, தூணின் நொறுங்கல், தடுப்புச் சுவரின் மேல் மண்ணின் அழுத்தம், கல் வளைவுகளின் நிலைபேறு ஆகிய நான்கு பெரும் பிரச்னைகளையும் எடுத்துக்கொண்டார். ஒரு தளத்தின்மேல் சறுக்குத் தகைவு எல்லை கடக்கும்பொழுதே பொருள் இடம்பெயர்கிறது என்று அவர் கொண்ட கருத்து, குழைமைச் சித்தாந்தத்தின் வித்து எனத் தகும். கட்டடம் கட்டிப் பழகிய கையிலிருந்து பிறந்த கணிதம் எத்துணை உறுதி வாய்ந்தது என்பதற்கு அக்கட்டுரையைக் காட்டிலும் சிறந்த சான்று இத்துறையில் இல்லை.

மீள்மைச் சித்தாந்தம் முழுமையான சாஸ்திரமாக உருப்பெற்றது 1820ஐ ஒட்டிய சில ஆண்டுகளில், பாரிஸ் நகரில். 1821இல் நாவியே, திடப்பொருள் ஒன்றையொன்று ஈர்க்கும் அணுத்துகள்களால் ஆயது என்ற கொள்கையை அடிப்படையாக வைத்து, அதன் சமநிலைச் சமன்பாடுகளை வருவித்தார். மறு ஆண்டில் கோஷி, துகள்களைப் பற்றிய கற்பனை எதுவும் தேவையின்றி, பொருளுக்குள் எந்தப் புள்ளியிலும் எந்தத் திசையிலும் ஒரு தளத்தை மனத்தால் வெட்டி, அத்தளத்தின்மேல் ஒரு பக்கம் மறு பக்கத்தைத் தள்ளும் விசையைப் பரப்பினால் வகுத்துப் பெறும் தகைவு என்ற கருத்தை வகுத்தார். அத்தகைவு தளத்துக்குச் செங்குத்தாகவே இருக்க வேண்டுவதில்லை, சாய்ந்தும் இருக்கலாம் என்பதும், மூன்று தளங்களின் தகைவுகள் தெரிந்தால் எல்லாத் தளங்களின் தகைவுகளும் தெரிந்துவிடும் என்பதும் அவர் கண்ட பேருண்மைகள். இன்று மாணவன் முதற் பாடத்தில் வரையும் சிறு கனசதுரமும் அதன் முகங்களில் இடும் அம்புக்குறிகளும் கோஷியின் கொடையே.

அதே நகரில் சோபி ஜெர்மேன் என்ற அம்மையார், பெண்களுக்கு உயர்கல்விக் கூடங்களின் கதவு அடைத்திருந்த காலத்தில், தாமே கற்று, அதிரும் தகடுகளில் மணல் அமைக்கும் கோலங்களுக்குக் கணிதக் காரணம் தேடி, இரு முறை முயன்றும் கிட்டாத கழகப் பரிசை மூன்றாம் முயற்சியில், 1816இல், பெற்றார். தகடுகளின் மீள்மை என்னும் பெரும் பிரிவு அவருடைய அந்தப் பிடிவாதமான உழைப்பில் தொடங்கியது. 1889இல் எழுந்த ஐஃபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 விஞ்ஞானிகளின் பெயர்களுள் நாவியே, கோஷி, கூலோம், பாய்சான், லாமே ஆகியோரின் பெயர்கள் இருக்க, அவர் பெயர் இல்லாதது வருந்தத்தக்கதே.

எத்திசையிலும் ஒரே தன்மையுள்ள பொருளின் மீள்மையைக் கூற ஒரு மாறிலி போதுமா, இரண்டு வேண்டுமா என்ற விவாதம் பல்லாண்டு நடந்தது. நாவியே, பாய்சான் முதலியோரின் துகள் கொள்கை ஒன்றே போதும் என்றது. அதன்படி இழுக்கப்பட்ட கம்பியின் குறுக்குச் சுருக்கம் நெடுக்கு நீட்சியில் எப்பொருளுக்கும் நான்கில் ஒரு பங்காதல் வேண்டும். ஆங்கிலேயரான கிரீன் ஆற்றலை அடிப்படையாகக் கொண்டு இரண்டு வேண்டும் என்றார். பரிசோதனைகள் கிரீன் பக்கமே தீர்ப்புக் கூறின: எஃகுக்கு அவ்விகிதம் ஏறத்தாழ 0.3 ஆகவும், ரப்பருக்கு 0.5ஐ நெருங்கியும் நிற்கிறது.

பொறியாளரின் பார்வையில் இவற்றைக் காட்டிலும் பெரிய திருப்பம் 1826இல் வெளிவந்த நாவியேயின் விரிவுரைகளில் நேர்ந்தது. முறிக்கும் பளுவைக் கண்டு அதில் ஒரு பங்கை அனுமதிப்பது அதுகாறும் இருந்த வழக்கம்; அதை விடுத்து, உறுப்பின் எப்புள்ளியிலும் தகைவு மீள்மை எல்லைக்குள் அடங்கி நிற்குமாறு அளவு வகுக்க வேண்டும் என்று அவர் கற்பித்தார். கலிலியோவின் கேள்வி அன்றோடு பின்னுக்குச் சென்றது. நாவியேயின் மாணவ பரம்பரையில் வந்த சேன் வெனான் முறுக்கப்பட்ட தண்டுகளின் உண்மையான நிலையை 1853இல் சமர்ப்பித்த ஆராய்ச்சியில் தெளிவாக்கினார். உறுப்பின் முனையில் பளு எவ்வாறு பகிரப்பட்டிருந்தாலும், அதன் மொத்த விசையும் திருப்புத்திறனும் மாறாவிடில், முனையிலிருந்து சற்று விலகிய இடங்களில் விளைவு ஒன்றே என்ற அவர் கொள்கையின்றி இன்றைய கணக்கு எதுவும் நடவாது. ஏரி, மாக்ஸ்வெல், காஸ்டிலியானோ, மோர் முதலியோர் உழைப்பால், மிகுதிப்படியான தாங்கிகளை உடைய அமைப்புகளும் அந்நூற்றாண்டின் இறுதிக்குள் கணிதத்துக்கு வசப்பட்டன.

குழைமையின் முறையான ஆராய்ச்சியைத் தொடங்கியவர் பாரிஸ் தொழிற்கலைக் கூடத்தில் பணியாற்றிய டிரெஸ்கா. ஈயம் முதலிய உலோகங்களைப் பேரழுத்தத்தில் துளை வழியே பிதுக்கியும், துளையிட்டும், அவை குளிர்ந்த நிலையிலேயே நீர்மம் போல் ஓடுவதைக் கண்ட அவர், பெருமச் சறுக்குத் தகைவு ஒரு குறிப்பிட்ட அளவை அடையும்பொழுது ஓட்டம் தொடங்குகிறது என்று 1864இல் அறிவித்தார். முதிய வயதில் இருந்த சேன் வெனான் உடனே அதற்குச் சமன்பாடுகள் அமைத்தார். இளகு நிலைக்கு மற்றோர் அளவுகோலை, உருவ மாற்றத்துக்குச் செலவாகும் ஆற்றலை வைத்து, 1904இல் ஹூபர் போலிஷ் மொழியில் எழுதினார். அம்மொழி அறியாத உலகம் அதைக் காணவில்லை. 1913இல் மீசஸ், டிரெஸ்காவின் விதி வரைபடத்தில் மூலைகளுடைய அறுகோண வரம்பாக அமைந்து கணக்குக்கு இடைஞ்சலாயிருப்பதை உத்தேசித்து, அதற்கு ஈடாக ஒரு வழவழப்பான வரம்பை முன்வைத்தார். அதுவும் ஹூபர் கூறியதும் ஒன்றே. இரு விதிகளுக்கும் உள்ள பெரும வேறுபாடு 15 சதவீதம் அளவே. 1931இல் டெய்லரும் குவின்னியும் உலோகக் குழாய்களை ஒருசேர இழுத்தும் முறுக்கியும் செய்த பரிசோதனைகள் மீசஸின் விதிக்கே நெருங்கி வந்தன. கணக்கின் வசதிக்காக வந்த விதி இயற்கைக்கு அதிகம் இசைந்திருந்தது வியப்புக்குரியது. படிகங்களின் அணு அடுக்கில் உள்ள பிறழ்வுகள் நகர்வதாலேயே உலோகம் குழைகிறது என்ற விளக்கத்தை 1934இல் டெய்லர், ஓரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே அளித்தனர்.

கட்டடக் கலைக்கு இவையெல்லாம் பயன்பட வழி காட்டியது ஹங்கேரியில் 1914இல் காசின்சி செய்த பரிசோதனை. இரு முனைகளும் இறுகப் பதிந்த எஃகு உத்தரத்தில் பளு சீராகப் பரவியிருந்தால், மீள்மைக் கணக்குப்படி முனைகளில் எழும் வளைவுத் திருப்புத்திறன் மொத்தப் பளுவையும் இடைவெளியையும் பெருக்கியதில் 12இல் ஒரு பங்கு. நடுவில் 24இல் ஒரு பங்கு. முனைகள் இளகியதும் உத்தரம் விழுந்துவிடுவதில்லை. அவ்விடங்கள் துருப்பிடித்த கீல் போலத் தம் எதிர்ப்பை விடாமலே திரும்பிக் கொடுக்க, மேலும் வரும் பளுவை நடுப்பகுதி ஏற்கிறது. நடுவிலும் ஒரு கீல் தோன்றி மூன்றும் 16இல் ஒரு பங்கு என்ற சம அளவை எய்தும்பொழுதே உத்தரம் சரிகிறது. முதல் இளகலுக்கும் சரிவுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு பளு உபரியாக நிற்கிறது. ஒரு முனை சிறிது தாழ்ந்துவிட்டாலோ, பதிப்பு முழு இறுக்கமாக அமையாவிட்டாலோ மீள்மைக் கணக்கின் தகைவுகள் பெரிதும் மாறிவிடும். சரிவுப் பளுவோ அதே அளவினதாக நிற்கும். செவ்வகக் குறுக்குவெட்டு முழுதும் இளகிய நிலையில் அதன் திறன் ஆறில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்காக உயர்கிறது. கலிலியோவின் சீரான தகைவு பாதிப் பரப்பில் இழுவையாகவும் பாதிப் பரப்பில் அமுக்கமாகவும் உண்மையாகிய இடம் இதுவே.

இங்கிலாந்தில் 1929இல் நிறுவப்பட்ட எஃகு அமைப்பு ஆராய்ச்சிக் குழு, கட்டி எழுப்பப்பட்டு வந்த உண்மையான கட்டடங்களில் தகைவுகளை அளந்து பார்த்தபொழுது, அளந்தவை வடிவமைப்பாளரின் கணக்குகளோடு ஏறக்குறைய எவ்விதச் சம்பந்தமும் அற்று இருந்தன. அக்குழுவின் தொழில்நுட்ப அதிகாரியாயிருந்த ஜான் பேக்கர், உண்மைத் தகைவைத் தேடுவது பயனற்றது என்று தெளிந்து, 1936 முதல் பிரிஸ்டலிலும், 1943 முதல் கேம்பிரிட்ஜிலும் சரிவுப் பளுவையே ஆராயலானார். உலகப் போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சிய குடும்பங்களுக்கென 1941இல் அவர் அமைத்த மாரிசன் புகலிடம், வீட்டுக்குள் மேஜையாகவும் பயன்படும் எஃகுக் கூண்டு. மேல் மாடி இடிந்து அதன்மேல் விழுந்தால் அது விறைத்து நிற்க முயலாமல், குழைந்து கொடுத்து அடியின் ஆற்றலை உண்டுவிடும். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட இல்லங்களுக்கு அது வழங்கப்பட்டது. கணித சாஸ்திரம் ஒன்று உறங்கும் குழந்தைகளின் உயிரை இவ்வளவு நேராகக் காத்த சந்தர்ப்பங்கள் வரலாற்றில் அரிது. 1948இல் பிரிட்டிஷ் எஃகுக் கட்டட விதித்தொகுப்பு குழைமை வடிவமைப்பை அனுமதித்தது.

இவ்வழக்கத்துக்குத் தர்க்க உறுதி அளித்த பிரமேயங்களை ரஷ்யாவில் கிவோஸ்தேவ் 1936இலேயே கூறியிருந்தும், மேல்நாட்டவர் அறியவில்லை. நாஜி ஆட்சியால் ஜெர்மனியை விட்டு இஸ்தான்புல் சென்று, பின் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெரும் ஆராய்ச்சி மரபை உண்டாக்கிய பிராகர், டிரக்கர், கிரீன்பர்க் ஆகியோருடன் சேர்ந்து 1952இல் அவற்றைப் பொதுப்பட நிறுவினார். பளுவோடு சமநிலையில் நிற்பதும், எங்கும் இளகு வரம்பை மீறாததுமான தகைவுப் பரவல் ஏதேனும் ஒன்றைக் காட்ட முடியுமானால், அப்பளுவில் அமைப்பு விழாது என்பது அவற்றுள் தலையாயது. அப்பரவல் உண்மையில் நிலவுவதாக இருக்க வேண்டியதில்லை. மீள்மைக் கணக்கு தருவதும் அத்தகைய ஒரு பரவலே. தகைவுகளைத் தவறாகக் கணித்தும் நூறாண்டுகளாக எஃகுக் கட்டடங்கள் ஏன் நின்றன என்பதற்கு இப்பிரமேயம் விடை. என் கருத்தில் மீள்மைச் சித்தாந்தத்துக்குக் கட்டடத் துறையில் கிடைத்த மிகப் பெரிய அரண், அதன் போட்டியாளராகக் கருதப்பட்ட சித்தாந்தத்திலிருந்தே கிடைத்தது. டென்மார்க்கின் யோஹான்சென் 1943இல் கான்கிரீட் தளங்களுக்கு வகுத்த இளகுகோட்டு முறை, சரியும் விதத்தை ஊகித்து மேல் எல்லையைக் காணும் மறு பிரமேயத்தைச் சார்ந்தது. அதனால் ஊகம் பிழைத்தால் விடை மிகைப்படும் என்பதை மாணவர் மறத்தலாகாது. பேக்கரின் குழுவில் பயின்ற ஹேமன், 1966இல், இழுவலிமையற்ற கல்லுக்கும் அவ்விதிகளைப் பொருத்தி, அழுத்தக் கோடு ஒன்று கல்லின் கனத்துக்குள் அடங்குமாறு வரைய முடிந்தால் வளைவு நிற்கும் என்று காட்டி, கோதிக் தேவாலயங்களின் உறுதிக்குக் காரணம் கூறினார்.

குழைமைக் கணக்கு எங்கும் செல்லும் என்பதில்லை. வார்ப்பிரும்பும் கண்ணாடியும் குழைய இடங்கொடாமல் உடைகின்றன. மெல்லிய தூண் இளகுமுன் நெளிகிறது. பாலங்களிலும் கிரேன் உத்தரங்களிலும் பளு வந்து வந்து நீங்குவதால், ஒருமுறை தாங்கும் திறன் போதிய அளவாகாது. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாகக் குழைந்து விகாரம் பெருகிக்கொண்டே போகுமா, அன்றித் தொடக்கத்தில் சிறிது குழைந்தபின் எஞ்சிய தகைவுகளின் துணையால் அமைப்பு மீள்மையிலேயே நிலைபெறுமா என்பதற்கு மெலன் 1930களில் ஒரு பிரமேயம் வகுத்தார். அதன்படி நிலைபெற்ற அமைப்பும் பன்னெடுங் காலப் பளுச்சுற்றுகளில் மயிர்க்கோடான வெடிப்புக் கண்டு ஓயக்கூடும். அவ்வோய்வைக் கணிக்கையில் பொறியாளர், சரிவுப் பளுவை விட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் தகைவு ஏறி இறங்கும் வீச்சையே மீள்மைக் கணக்கால் காண வேண்டியவராகிறார்.