நீதிபதியும் மாணாக்கரே

நீதியாசனத்தில் அமர்ந்திருப்பவர் சட்டம் அனைத்தையும் கற்றுத் தேறியவர் என்றே நாம் எண்ணுகின்றோம். வழக்காடுவோரின் நம்பிக்கையும் அதுவே. ஆயினும், ஆசனம் ஏறிய பின்னரும் நீதிபதி மாணாக்கராகவே இருத்தல் வேண்டும் என்பதை எமது நாட்டு வரலாறு உணர்த்துகின்றது. யாழ்ப்பாணத்துத் தேசவழமையின் கதை அதற்குத் தக்க சான்றாகும்.

1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் போர்த்துக்கேயரை வென்று யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். காணி, சீதனம், ஒற்றி, கடன் என எழுந்த வழக்குகளை அவர்களுடைய மன்றங்கள் விசாரிக்க நேர்ந்தது. முன்னோர் வழிவந்த முதுசம் எது, தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் சீதனம் எது, கணவனும் மனைவியும் வாழ்நாளிலே ஈட்டிய தேடியதேட்டம் எது என்ற வேறுபாட்டை அவர்கள் தம் நாட்டிலிருந்து கொண்டுவந்த சட்டநூல்கள் கற்பிக்கவில்லை. அதனை அறியாதவர் தீர்ப்பளித்தால், ஒருவருக்குரிய வயல் மற்றொருவர் கைக்குப் போய்விடும்.

1706ஆம் ஆண்டிலே தேசாதிபதி சீமோன்ஸ் என்பவர், யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டி எழுதுமாறு கட்டளையிட்டார். அப்பணி கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவையிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மக்களிடையே வாழ்ந்து பழகியவர். 1707ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் தொகுப்பை நிறைவேற்றினார். பின்னர் அது தமிழிலே பெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. அவர்கள் ஆராய்ந்து, இது எமது வழமையே என ஒப்புக்கொண்டனர். ஆள்வோர் எழுதியதை ஆளப்படுவோர் சரிபார்த்தமை போற்றத்தக்கது.

ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. பன்னிருவரும் செல்வாக்குடைய ஆடவர்கள். சீதனத்தைப் பற்றி விரித்துரைக்கும் அந்த ஏட்டைப் பெண்கள் பார்வையிடவில்லை. அடிமைகளைப் பற்றிய விதிகளும் அதில் இடம்பெற்றன. அடிமைகளின் சொல்லுக்கு அங்கே இடமிருக்கவில்லை.

பிரித்தானியர் காலத்தில், 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணம் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தது. ஏடு கிடைத்துவிட்டது, இனி நீதிபதிக்குக் கற்பதற்கு என்ன இருக்கின்றது என நீங்கள் வினவலாம். எழுதிய சொல் நின்றது, காலம் நிற்கவில்லை. 1844இல் இலங்கையில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அவ்வேட்டின் ஒரு பகுதி அத்துடன் உயிரிழந்தது. 1862இல் முத்துக்கிருஷ்ணா என்பவர் தேசவழமையைப் புதிதாகப் பதிப்பித்தபோது, யாழ்ப்பாண மன்றங்களின் தீர்ப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். மூல ஏடு மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தேடியதேட்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு பெண் தன் சீதனக் காணியை விற்று, அப்பணத்தால் வீடொன்றை வாங்குகின்றாள் என வைத்துக்கொள்வோம். அவ்வீடு அவளுடையதா, இருவருக்கும் உரியதா? 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், விவாக காலத்திலே விலை கொடுத்துப் பெற்ற சொத்தைத் தேடியதேட்டம் என்றது. அவ்விலைப்பணம் எங்கிருந்து வந்தது என்று அச்சொற்கள் கேட்கவில்லை. 1947ஆம் ஆண்டின் திருத்தமோ அதனைக் கேட்டது. தன் தனிச்சொத்தைக் கொடுத்து வாங்கியது தேடியதேட்டமாகாது என்று அது வகுத்தது. பழைய சொற்களை மட்டும் மனனஞ் செய்து வைத்திருக்கும் நீதிபதியின் முன் அப்பெண் நின்றால், அவளது வீட்டிற் பாதி பறிபோகக்கூடும். அவர் நேர்மையில் குறைந்தவர் அல்லர். கற்பதை நிறுத்திவிட்டவர், அவ்வளவே.

நெடுங்காலம் இத்தகைய கல்வி நீதிபதியின் தனி முயற்சிக்கே பெரிதும் விடப்பட்டிருந்தது. 1985ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை நீதிபதிகள் நிறுவகம் அமைக்கப்பட்டது. நீதிபதிகள் ஒன்றுகூடிக் கருத்துப் பரிமாறவும், விரிவுரைகளும் கருத்தரங்குகளும் கேட்டுத் தம் தொழிலறிவை வளர்க்கவும் அது வழிசெய்தது.

சட்டத்தைக் கற்பிக்க விரிவுரையாளர் உளர். ஆனால் பன்னிரு முதலியார்களின் கதை மற்றொரு பாடத்தையும் கூறுகின்றது. சட்டம் எவர் வாழ்வைத் தொடுகின்றதோ, அவரிடமும் நீதிபதி கற்றல் வேண்டும். அன்று கேட்கப்படாதவர்களின் குரலையும் செவிமடுக்கும்போதுதான் அக்கல்வி நிறைவுபெறும்.