சிறையில் கூடிய நகர்மன்றம்

நகராட்சிக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாட்டு விவகாரம் குறித்து மன்றத்தில் தீர்மானம் வந்தால், "முதலில் சாக்கடையைப் பாருங்கள்" என்று யாராவது ஒரு கவுன்சிலர் எழுந்து சொல்லாமல் இருக்கமாட்டார். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடிந்ததில்லை. டெல்லியிலும் சென்னையிலும் எடுக்கிற முடிவுகள் கடைசியில் நகராட்சிப் பேரேட்டில்தான் செலவாக வந்து விழுகின்றன. விழுந்த செலவைப் பற்றிப் பேச நகர்மன்றத்துக்கு உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது? இதைப் பேசும்போதெல்லாம் லண்டனின் பாப்ளர் நகர்மன்றத்தைத்தான் சொல்வேன்.

பாப்ளர் கிழக்கு லண்டனில் துறைமுகத்தை ஒட்டிய பகுதி. முதல் உலகப் போருக்குப் பிறகு தொழில் படுத்ததும் அங்கே வீட்டுக்கு வீடு வேலையில்லை. அன்றைய ஏழைகள் சட்டப்படி, வேலையிழந்த குடும்பங்களுக்கு உதவித்தொகை கொடுப்பது பெரும்பாலும் அந்தந்தப் பகுதியின் பொறுப்பு. அதற்கான பணத்தையும் அங்கேயே வீட்டு வரியாகத் திரட்டிக்கொள்ள வேண்டும். அரைவயிற்றுக்காரனிடம் வரி வாங்கிப் பட்டினி கிடப்பவனுக்குக் கொடுக்கும் ஏற்பாடு இது. பணக்காரர்கள் வாழ்ந்த வெஸ்ட்மின்ஸ்டரில் வரியை ஒரு பென்னி கூட்டினால், பாப்ளரில் கிடைப்பதைவிடப் பல மடங்கு பணம் சேரும். அங்கே உதவி கேட்டு வருபவர்களோ மிகக் குறைவு.

இதற்கு மேல் இன்னொரு சுமையும் இருந்தது. நம் ஊர் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஓர் இனம் இருக்கும். நகராட்சி அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டிவிட வேண்டும். அதேபோல லண்டன் மாவட்ட மன்றம், போலீஸ், தண்ணீர் வாரியம் ஆகியவற்றுக்கும் பாப்ளர் வசூலித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

1919 தேர்தலில் மொத்தமுள்ள 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி பிடித்தது. ஜார்ஜ் லான்ஸ்பரி மேயரானார். துறைமுகத் தொழிலாளர்களும் ரயில்வே ஊழியர்களும் மன்றத்தில் உட்கார்ந்தார்கள். 1921 மார்ச்சில் அவர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: மேல் அமைப்புகளுக்கான வரியை இனி விதிப்பதில்லை, ஏழைகளின் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளட்டும்.

வழக்கு வந்தது. ஜூலை 29 அன்று மன்றத்தின் செங்கோலை ஏந்தியவர் முன்னே நடக்க, உறுப்பினர்கள் மேள இசையோடு உயர்நீதிமன்றத்துக்கு ஊர்வலம் போனார்கள். நீதிமன்றத்துக்கும், ஒருவேளை சிறைக்கும் போகிறோம் என்று அவர்கள் பிடித்திருந்த பதாகையிலேயே எழுதியிருந்தது. நீதிமன்றம் உத்தரவிட்டும் பணிய மறுத்ததால் செப்டம்பரில் 30 பேர் உள்ளே போனார்கள். ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கும் பெண்கள் ஹாலோவே சிறைக்கும். அந்தப் பெண் உறுப்பினர்களில் ஒருவரான நெல்லி கிரெஸ்ஸால் அப்போது கர்ப்பிணி. மன்றம் அதோடு நின்றுவிடவில்லை என்பதை நான் வியந்து வியந்து படித்திருக்கிறேன். பெண் உறுப்பினர்களைக் காரில் பிரிக்ஸ்டனுக்கு அழைத்துவந்து, சிறைக்குள்ளேயே மன்றக் கூட்டங்களை நடத்தினார்கள். வெளியே மக்கள் திரண்டு நின்று பாடினார்கள். பக்கத்து ஸ்டெப்னி, பெத்னல் கிரீன் மன்றங்களும் அதே வழியில் போகத் தீர்மானித்ததும் அரசு இறங்கிவந்தது. அக்டோபரில் விடுதலை. அந்த ஆண்டு முடிவதற்குள் உதவித்தொகைச் செலவின் பெரும்பகுதியை லண்டன் முழுமைக்கும் பொதுவாக்கும் சட்டம் நிறைவேறியது. சிறைவாசத்தால் உடல் நலிந்த மின்னி லான்ஸ்பரி, ஜார்ஜின் மருமகள், 1922 ஜனவரி முதல் நாள் இறந்துபோனார். வயது 32.

எதிர்ப்பு அவர்கள் கட்சிக்குள்ளேயே இருந்தது. ஹாக்னி மேயர் ஹெர்பர்ட் மாரிசன், சட்டத்தை மீறும் மன்றத்தைப் பார்த்து வாக்காளர்கள் மிரள்வார்கள், தொழிற்கட்சிக்கு நாடாளும் தகுதி இல்லை என்று நினைப்பார்கள் என்று அஞ்சினார். அந்த அச்சத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். ஒவ்வொரு மன்றமும் தனக்குப் பிடிக்காத வரியை நிறுத்தினால் தண்ணீர் வாரியத்தை யார் நடத்துவது? ஆனால் பாப்ளர் எல்லா வழியிலும் முறையிட்டுப் பார்த்த பிறகுதான் அந்த முடிவுக்கு வந்தது. அதன் விலையையும் உறுப்பினர்களே கொடுத்தார்கள். விலை எதுவும் கொடுக்காமல் கைதட்டலோடு நிறைவேற்றி, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு மறந்துபோகும் தீர்மானங்களை நான் கோப்பில் நிறையச் சேர்த்திருக்கிறேன். அவற்றையும் பாப்ளரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கணக்குப் பிரிவுக்காரனாக இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாப்ளர் தன் ஊழியர்களுக்கு, ஆண் பெண் பேதமில்லாமல், வாரம் குறைந்தது 4 பவுண்டு கூலி கொடுத்தது. விலைவாசி இறங்கிய பிறகும் அதைக் குறைக்கவில்லை. தணிக்கையாளர் தடை எழுப்பி, கூடுதலாகக் கொடுத்த 5,000 பவுண்டை உறுப்பினர்களே கட்ட வேண்டும் என்றார். தணிக்கைத் தடைகளுக்குப் பதில் எழுதியே வயதைக் கழித்த எனக்கு அந்தத் தாளின் கனம் தெரியும். வழக்கு மேலே மேலே போய், 1925இல் பிரபுக்கள் சபை தணிக்கையாளர் பக்கம் நின்றது. வேலையைப் பார்த்துக் கூலி நிர்ணயிக்காமல் பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே தொகை வைத்ததும் அந்தத் தீர்ப்பில் குற்றமாகச் சொல்லப்பட்டது. பிரிட்டன் நாடாளுமன்றம் சம ஊதியச் சட்டத்தை நிறைவேற்றியது 1970இல்.