சுவருக்கும் கேக்குக்கும் ஒரே முட்டை

ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் பக்கம் போனா தேன், சாமை வாங்கிட்டு வருவோம். அந்தக் காட்டுல பொறுக்குற கடுக்காய் நமக்கு வெறும் நாட்டு மருந்துக் கடை சரக்கு. ஆனா பழைய கொத்தனாருக்கு அது கட்டடச் சாமான்.

1732ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் ஐசக் பைக் என்பவர் (செயின்ட் ஹெலினா தீவின் கவர்னர்) மெட்ராஸ் சாந்து செய்முறையை எழுதினார். 15 புஷல் மணல், 15 புஷல் சுண்ணாம்பு, 20 பவுண்டு வெல்லம் கரைத்த தண்ணீர். அப்புறம் பயறும் கடுக்காயும் தனித்தனியா வேகவைத்து வடித்த நீர். பளிங்கு மாதிரி மேல்பூச்சு வேணும்னா முட்டை வெள்ளைக்கரு, நெய், மோர். சாந்தா சாப்பாடான்னு சந்தேகம் வருதா? :-)

சந்தேகம் நியாயம்தான். 1769ல் எலிசபெத் ராஃபல்ட் என்ற ஆங்கிலேய அம்மணியின் சமையல் புத்தகத்தில் கல்யாண கேக் பூச்சு இருக்கு. 5 முட்டையின் வெள்ளைக்கருவை அரை மணி நேரம் அடித்து, மெல்லிய துணியில் சலித்த 2 பவுண்டு சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமா சேர்க்கணும். இன்னிக்கு ராயல் ஐசிங்னு சொல்றது ஏறக்குறைய இதுதான். வெள்ளைப் பொடி, வெள்ளைக்கரு, ஈரமா பூசினா இறுகிப் போகும். அங்கேயும் சரி இங்கேயும் சரி, பொடி சலிப்பதில்தான் வழவழப்பு ஆரம்பம்.

ஒற்றுமை இதோட சரி. ஐசிங் கிண்ணத்தில் ஒரு சொட்டு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வெள்ளைக்கரு நுரைக்காது. சாந்துலயோ நெய்யையே ஊத்துறாங்க! அங்கே நுரை தேவையில்லை. கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து ஒருவகை சோப்பாகி, தண்ணீரை ஒட்டவிடாது. வெல்லத்தின் வேலையும் வேற. சுண்ணாம்பு தண்ணீரில் கூடுதலா கரையவும், சீக்கிரம் இறுகாம இருக்கவும் உதவுது.

காயவைக்கிறது இன்னும் தலைகீழ். ஐசிங்கில் தண்ணீர் வெளியேறினா போதும். அதனால ஃபேனுக்கு அடியில் சட்டுனு காய்ந்தா பளபளப்பு, மழைநாள்ல மெதுவா காய்ந்தா மங்கல். ரொம்ப அடித்தால் காற்றுக் குமிழி புகுந்து பொறபொறன்னு ஆயிடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகணும், அதுக்கு ஈரம் வேணும். அவசரமா காய்ந்தா மாவாய் உதிரும்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்துட்டு "முட்டை ஊத்தினாங்க, அதான் மின்னுது"ன்னு நம்மாளுங்க சொல்றதை நான் பாதிதான் ஒத்துக்குவேன். முட்டை ஊத்திட்டு சும்மா விட்டா மின்னாது. பூச்சு ஈரமா இருக்கும்போதே வழவழப்பான கல்லால மணிக்கணக்கா தேய்க்கணும். எப்ப ஆரம்பிக்கணும், எப்ப நிறுத்தணும்னு கைக்குத்தான் தெரியும். பைக்கின் அளவுகளை இன்னிக்கும் படிக்கலாம். அந்தக் கை குறைஞ்சுபோச்சு.

அதனாலதான் விரிசல் விட்ட பழைய சுவர்ல சுலபமா சிமெண்ட்டை அப்பிடுறாங்க. சுவருக்குள்ள இருக்கிற ஈரம் சிமெண்ட் வழியா லேசுல வெளியே வராது. பக்கத்துல நல்லா இருந்த பழைய பூச்சைத் தேடிப் போகும். கொஞ்ச நாள்ல அதுவும் உப்பிக்கிட்டு, ஓடு ஓடா கழண்டு விழும்.